கைகளை உயர்த்தி வெளியேறியவர்

மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். அப்பா அந்த இல்லத்தை விட்டு வெளியேறிய நேரம் அது. என் அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது மூன்றரைக்கு. இடைப்பட்ட நேரத்தில் அவரை யாரும் தேடவில்லை. மூன்று மணிக்கு மேல் டீ கொடுக்கும்போது ஒரு டம்ளர் மிஞ்சியிருக்கிறது. அப்போதுதான் அவர் இல்லை என்பதே தெரிந்திருக்கிறது.

ஓசூர் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மறதி நோய் முற்றிய பதினெட்டுப் பேரை வைத்துப் பார்த்துக்கொண்ட இல்லம் அது. தங்கவயல் சுரங்கத்தில் வேலைக்காலம் முழுவதையும் பூமிக்கு அடியில் கழித்த அப்பா, அம்மா போன பிறகு ஆஸ்டின் டவுனில் எங்களோடு இருந்தார். ஒரு நாள் டீ போடுகிறேன் என்று கேஸைத் திறந்துவிட்டு, பற்றவைக்க மறந்து, ஹாலில் வந்து உட்கார்ந்துவிட்டார். உள் அறையில் என் மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த வாரமே நான் இடம் தேட ஆரம்பித்தேன்.

மூன்று இல்லங்களைப் பார்த்தேன். இங்கே மதில் உயரம். ஒரே கேட், அதிலும் எப்போதும் காவல். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி, வழுக்காத தரை. அவர் வெளியே போய்விடக்கூடாது, அவ்வளவுதான் என் கவலை. அதனால் இதையே தேர்ந்தெடுத்தேன்.

நான் போய் இறங்கியபோது ஆண் உதவியாளர்கள் பைக்கில் தேடக் கிளம்பியிருந்தார்கள். போலீசுக்கும் சொல்லியாகிவிட்டது. பொறுப்பிலிருந்த சிஸ்டர் என்னை உட்காரச் சொன்னார். "நீங்க இங்கயே இருங்க மேடம். கூட்டிட்டு வந்தா தெரிஞ்ச முகம் ஒண்ணு இருக்கணும்."

உட்கார முடியவில்லை. லாரிகள் நிற்காமல் ஓடும் ரோடு. அதை அவர் கடக்கும் காட்சியே திரும்பத் திரும்ப வந்தது. ஏதாவது கேட்டுக்கொண்டிருந்தால் அது விலகுவதைக் கவனித்தேன். ஆகவே கேட்க ஆரம்பித்தேன். பூட்டிய கேட்டை எழுபத்துநான்கு வயதுக்காரர் எப்படித் தாண்டினார்?

"தாண்டலக்கா. நாந்தான் தொறந்து விட்டேன்" என்றார் வாட்ச்மேன். தருமபுரிப் பக்கத்து ஆள், வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

சிஸ்டர் அவரை முறைத்தார். "சொல்லட்டும் விடுங்க" என்றேன்.

இரண்டு மணிக்கு ஆயாக்களுக்கு ஷிப்ட் மாறும். போகிறவர்கள் கேட் அருகே வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். சோப்பும் பால்பவுடரும் காணாமல் போகின்றன என்று புகார் வந்த பிறகு செய்த ஏற்பாடு. அப்பா அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றிருக்கிறார்.

"பேண்ட்டு, சட்ட, ஷூ எல்லாம் போட்டு டீசண்டா இருந்தாரு. ஜெனரேட்டர் பாக்க வந்தவருன்னு நெனச்சிட்டேன்."

"யாருன்னு கேக்கலையா?"

"கேக்கறதுக்குள்ள ரெண்டு கையையும் மேல தூக்கிட்டாரு. பாக்கெட்ட வெளிய இழுத்துக் காட்டுனாரு. வாயத் தொறந்து காட்டுனாரு. ஆயாங்க பையத் தொறக்கவே என்னோட சண்ட போடுவாங்க. இவ்ளோ ஒழுங்கா சோதனை குடுக்கற ஆள நான் பாத்ததே இல்லக்கா. தடவிப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. கையெழுத்துப் போடுங்கன்னேன். போட்டாரு."

பதிவேட்டைக் காட்டினார். அப்பாவின் கையெழுத்து, நடுக்கமே இல்லாமல். பக்கத்தில் அவருடைய சுரங்கத் தொழிலாளர் எண். இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பக்கம் என் கண்ணில் நிற்கிறது.

சுரங்கத்திலிருந்து மேலே வருகிறவர்களை, தங்கக் கல் ஒளித்துவைத்திருக்கிறார்களா என்று உடம்பு முழுக்கச் சோதித்துத்தான் வீட்டுக்கு விடுவார்கள். வீட்டில் அம்மா, "சட்டையைக் கழட்டிக் குடுங்க, நனைக்கணும்" என்றால், அப்பா கையைத் தூக்கிக்கொண்டு, "நீயும் தேடிக்கோம்மா" என்பார். சுரங்கத்திலும் காலை ஷிப்ட் முடிகிற நேரம் இரண்டு மணி.

பொருள் வெளியே போகாமல் பார்க்க வைத்த காவல்தான் இந்த இல்லத்து கேட்டிலும். ஆள் போவதை அது பார்க்கவில்லை. கோபம் வந்திருக்க வேண்டும்; எனக்கு வந்ததென்னவோ, இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல்.

"தினமும் ரெண்டு மணிக்கு இப்படித்தானா?" என்று, சுரங்கத்துச் சோதனையைச் சொல்லிவிட்டு சிஸ்டரிடம் கேட்டேன்.

"எழுந்து நிப்பாரு மேடம். பிடிச்சு உக்கார வெப்போம்."

"ஏன் எழுந்துக்கறார்னு கேட்டீங்களா?"

"வேலை முடிஞ்சுபோச்சும்பாரு. இந்த வியாதியில எல்லாரும் ஏதாவது சொல்றதுதானே. அவரு மைன்ஸ்ல இருந்தாருன்னே நீங்க சொல்லித்தான் இப்ப தெரியுது."

சேர்க்கைப் படிவத்தை எடுத்துப் பார்த்தோம். தொழில் என்ற இடத்தில் என் கையெழுத்தில் 'ஓய்வு பெற்றவர்' என்று மட்டும் இருந்தது.

ஆறேகால் மணிக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. முதலில் இறங்கியது முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். புடவையில் அங்கங்கே நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. பக்கத்து கார்மெண்ட்ஸில் தையல் வேலை. பஸ் நிறுத்தத்தில் அப்பா தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, சட்டைக் காலரைத் திருப்பி, சலவைக்காக உள்ளே மையால் எழுதியிருந்த இல்லத்தின் பெயரைப் படித்திருக்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா வெறுங்காலோடு இறங்கினார். என்னைப் பார்த்து, எங்கோ பழகிய ஆளைப் பார்ப்பதுபோல் சிரித்தார்.

நான் அவளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே அழுதேன். அவள் என்னைப் பேச விட்டு, முடித்ததும் ஆட்டோவுக்குள்ளிருந்து அவருடைய ஷூக்களையும் சாக்ஸையும் எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"நீங்க பொண்ணாக்கா?"

தலையசைத்தேன்.

"நடந்து நடந்து கால் புண்ணாயிடுச்சுன்னுதான் நானும் மொதல்ல நெனச்சேன். சாக்ஸ் சதையோட ஒட்டியிருந்துச்சு. தண்ணி ஊத்தி ஊறவெச்சுதான் கழட்டுனேன். இது இன்னிக்கு வந்த புண்ணு இல்லக்கா. இங்க இவருக்கு யாரு கால் கழுவி விடறது?"