அத்தை ஊற்றிய நல்ல தண்ணீர்

டிஸ்கஸ் மீன்களைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்தது அப்பாதான். யுத்தம் நடந்த அந்த நாட்களில் என் வயசுப் பையன் கொழும்பு பஸ்ஸில் ஏறினால் செக்பொயின்டுக்கு செக்பொயின்ட் இறக்கி நிற்கவைத்துவிடுவார்கள். நானோ உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு மாத்தளையில் சும்மா இருந்தேன். யாரிடமோ இரவல் வாங்கிய மீன் புத்தகத்தை வாசித்துவிட்டு, வளர்த்தால் டிஸ்கஸ்தான் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

"தொரை வீட்டுலயே இருங்க, நான் போயிட்டு வர்றேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார் அப்பா. திரும்பி வந்ததும் மடியோடு அணைத்திருந்த பொலித்தீன் பையை என்னிடம் நீட்டினார். "ஒவ்வொரு எடத்துலயும் தூக்கிக் காட்டச் சொன்னானுங்க. கடைசியில ஒருத்தன் மத்தவனையும் கூப்பிட்டுக் காட்டுறான். இது மீனாடா, பீங்கான் தட்டா?"

தட்டுதான். வட்டமாக, தட்டையாக, நீலக்கோடு ஓடிய ஒரு சோடி. சாதாரண மீன் மாதிரி நினைத்துக் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றிவிட முடியாது. அதில் கலந்திருக்கும் குளோரின் மருந்து வாசம் போகும்வரை குசினிக்குப் பின்னால் பீப்பாயில் நிற்கவைத்து, சூடு பார்த்துத்தான் மாற்ற வேண்டும். தொட்டியில் எந்நேரமும் ஹீட்டர் எரிய வேண்டும். மாட்டு இதயம் அரைத்துப் போடு என்றது புத்தகம். "அது இந்த வாசப்படியத் தாண்டுச்சுன்னா நான் தாண்டி வெளியில போயிருவேன்" என்றார் அம்மா. ஆகவே இறால்.

முட்டைகளுக்காகத் தொட்டிக்குள் ஒரு பூச்சட்டியைக் கவிழ்த்து வைத்தேன். இட்டன. தின்றுவிட்டன. மறுபடி இட்டன, மறுபடியும் தின்றன. இந்த மீனின் குஞ்சு தாய் தகப்பன் உடம்பில் ஊறுகிற பிசினைத் தின்றுதான் வளரும் என்று அப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவேயில்லை.

"பெத்தவன் தோலத் தின்னா வளருது? அப்ப நம்ம வீட்டுலயும் அதுதானே நடக்குது" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு தினமும் வேலைக்குக் கிளம்புமுன் தொட்டியை எட்டிப்பார்ப்பார். "ஒருக்காவாவது அதப் பாத்துரணும்டா."

அடுத்த முறை முட்டைகள் பொரிந்தன. பூச்சட்டியில் ஒட்டிக்கொண்டு வால்கள் மட்டும் துடித்தன. அப்பா அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார். நெஞ்சு வலி என்று வேலையிடத்தில் உட்கார்ந்தவர் எழும்பவில்லை.

அப்பாவை எடுக்கிற அன்று காலையில் முகம் கழுவப் போகும்போது தொட்டியைப் பார்த்தேன். குஞ்சுகள் பூச்சட்டியை விட்டுவிட்டு ஆண்மீனின் விலாவில் மொய்த்திருந்தன. கொத்திக் கொத்தித் தின்றன. அது அசையாமல் நின்று கொடுத்தது. "அப்பா" என்று வாய்வரை வந்துவிட்டது. அவர் கூடத்தில் பெட்டிக்குள் கிடந்தார். அவருக்குப் பதிலாக இதுகளை நான் வளர்த்துவிட வேண்டும் என்று அங்கேயே நின்று நினைத்தேன். அன்றைக்கு எனக்கு வேறெந்த நினைப்பும் ஓடவில்லை.

கொள்ளி வைத்துவிட்டு மொட்டைத் தலையோடு திரும்பியபோது வீடு கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. பல்லேபொலயிலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, என்னைக் கையைப் பிடித்துத் தொட்டிக்குக் கூட்டிப்போனார்.

"பாருய்யா, எவ்வளவு தெளிவா இருக்கு. பொணம் கெடந்த வீட்டுல ஒரு சொட்டுப் பழைய தண்ணி இருக்கக் கூடாது. பீப்பாய், கொடம் எல்லாம் கவுத்துட்டேன். மீனும் தீட்டுல கெடக்க வேணாம்னு, சுவிட்ச அமத்திட்டு, இதுக்கும் கொழாயத் தொறந்து நல்ல தண்ணி ஊத்தினேன்."

சூட்டோடு குளிர்தண்ணீர் பட்டு ஹீட்டரின் கண்ணாடி வெடித்திருந்தது. பெண்மீன் கறுத்துப்போய்ச் சாய்ந்து மிதந்தது. ஆண்மீன் மூலையில் வாயைத் திறந்து திறந்து மூடியது. அடியில் கிடந்த குஞ்சுகளில் சிலதுதான் இன்னும் அசைந்தன.

மருந்து கலக்காத தண்ணீருக்காகப் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு ஓடினேன். பிளாஸ்டிக் பேசினில் கொண்டுவந்த தண்ணீர் சில்லென்றிருந்தது. ஆண்மீனையும் குஞ்சுகளையும் அதில் விட்டுவிட்டு, "அத்தை, கொஞ்சம் சுடுதண்ணி" என்றேன்.

"இன்னைக்கு அடுப்பு மூட்டக் கூடாதேய்யா." பேசினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "நான் ஊத்துன தண்ணியாலயா?"

"இல்லைங்க அத்தை. குளிரு."

"அப்ப வெயில்ல வைப்போமே. முத்தத்துல இன்னும் வெயில் இருக்கு."

ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப்போனோம். ஆண்மீன் கொஞ்ச நேரத்தில் சாய்ந்துவிட்டது, வாயும் அசையவில்லை. மிஞ்சிய குஞ்சுகள் ஒவ்வொன்றாக அதன் விலாவில் போய் ஒட்டின.

"சாப்பிடுதுங்க பாரு" என்றார் அத்தை சந்தோசமாக.

வெயில் நகர நகர நாங்களும் பேசினை நகர்த்தினோம், மதிலடி வரைக்கும். அதற்குமேல் வெயில் இல்லை.