மூழ்காத கந்தகம்

ஆய்வகத்தில் அவளுக்கு வெந்நீர்க்காரி என்று பெயர். நாள் முழுக்க அவள் காவல் காத்தது ஒரு வெந்நீர்த் தொட்டியை. அதற்குள் நின்ற குடுவைகளில் ஒரு பாக்டீரியா வகை வளர்ந்தது. சூட்டில் தழைக்கும், கந்தகத்தைத் தின்று அமிலம் கக்கும். மலையடி ஊற்றொன்றிலிருந்து அதை எடுத்து வந்தவர் அவள் கணவர். ஊற்று வற்றிவிட்டது. அவரும் போய்விட்டார். அவர் கைபட்டதில் உயிரோடு மிஞ்சியது இது ஒன்றுதான்.

கந்தகத் தூளை மேலே தூவுவாள். பாக்டீரியா பற்றிக்கொண்டால் மிதக்கும் தூள் மெல்ல மூழ்கும். அதுதான் அவள் நாடி பார்க்கும் விதம். அடைமழை பிடித்த வாரத்தில் தூள் மூழ்கவில்லை.

தொட்டியின் முள் அதற்கு ஏற்ற சூடான நாற்பத்தைந்து டிகிரியிலேயே நின்றது. அப்படியென்றால் கோளாறு தொட்டியில் இல்லை, யாரோ கைவைக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த கண்ணாடிக்காரி ஒருமுறை, “இந்தத் தொட்டி எப்பக்கா காலியாகும்?” என்று கேட்டிருந்தாள். அது போதாதா? அவள் சிரித்தால் சந்தேகம், சிரிக்காவிட்டால் இன்னும் சந்தேகம்.

“பூனை மாதிரி வர்றா, போறா” என்று ஆய்வகத்தைத் திறந்து பூட்டும் உதவியாளரிடம் பொருமினாள். மூத்தவர் என்பதால் அவரை அண்ணன் என்றே அழைப்பாள்.

“மனுஷங்கள நம்பும்மா.”

“நம்பிட்டுத்தான் இருந்தேன். தூள் மிதக்குதே அண்ணே.”

அன்று மாலை மெழுகுவர்த்தித் துண்டொன்றைக் காலிக் குடுவையில் நிறுத்தித் தொட்டியின் மூலையில் வைத்தாள். நாற்பத்தைந்தில் அது உருகாது, இரவில் யாராவது சூட்டை ஏற்றினால் உருகும். காலையில் உருகித் தட்டையாகக் கிடந்தது. முள் மட்டும் ஒன்றும் அறியாததுபோல் பழைய இடத்தில்.

நேரே போய்க் கண்ணாடிக்காரி முன் குடுவையை நீட்டினாள். “இதுக்கு என்ன சொல்றே?”

“எனக்கு மெழுகுவர்த்தி எதுக்குக்கா?”

எட்டிப் பார்த்த அண்ணனின் முகம் சுண்டிப்போனது. “அந்தப் பொண்ண விடும்மா. நான்தான்.”

“நீங்களா?”

“மழைக் குளிரு. அதுக்குச் சூடுதான் புடிக்கும்னு நீதானே சொல்லுவே. போகும்போது ஏத்தி வச்சிட்டுக் காலையில எறக்கிடுவேன். உன் வீட்டுக்காரரு, அந்தத் தம்பி கையால கொண்டாந்ததாச்சே.”

“சூடு புடிக்கும்னா அவிச்சு எடுத்துடறதா? உங்களுக்கும்தான் வெந்நீர் புடிக்கும்.”

குளிர்பெட்டியில் அதே பாக்டீரியாவின் சேமிப்புக் குழாய் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அதைப் புதுக் குடுவையில் ஊற்றித் தூள் தூவினாள். மூவரும் தினமும் குனிந்து பார்த்தார்கள்.

“அக்கா, ஓரத்துல பாருங்க. எறங்குது” என்றாள் ஒரு நாள் கண்ணாடிக்காரி.

மஞ்சள் இழையாகத் தூள் மூழ்கிக்கொண்டிருந்தது. வெந்நீர்க்காரி அவள் தோளைத் தொட்டாள். மன்னிப்பு அவ்வளவுதான். மாலையில் சூடு ஏற்றும் குமிழைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

தொட்டி மூலையில் புதிதாக ஒரு மெழுகுத் துண்டை நிறுத்திவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினாள்.