மணலில் புதைத்த கால்கள்

இதயமும் ஒரு தசைதான் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு உடனே பிடிபடவில்லை. மூன்று வருடமாக மகனின் கால்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தசை நோய் தாய் வழியில் வருவது, வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். அண்ணனுக்கு இருந்தது என்றேன்.

அண்ணனுக்கு அப்போது பதினைந்து வயது, எனக்கு ஒன்பது. அவன் நடப்பது எப்போதோ நின்றிருந்தது. வெயிலேறிய ஆற்று மணலில் தொடை வரை புதைத்து வைத்தால் காலுக்கு உரம் வரும் என்று களக்காட்டு வைத்தியர் ஒருவர் சொல்லியிருந்தார். ஞாயிறுதோறும் அப்பா அவனைச் சைக்கிளில் உட்கார்த்திக் குறுக்குத்துறை ஆற்றங்கரைக்குத் தள்ளிக்கொண்டு போவார். குழி தோண்டி இறக்கி, மணலை மூடிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். குடை பிடிப்பது என் வேலை. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அண்ணனுக்கு வெளியுலகம். போகிறவர் வருகிறவரையெல்லாம் வம்புக்கு இழுப்பான்.

ஒரு ஞாயிறு, “ஏட்டி, இங்கன காதை வையி” என்று நெஞ்சைக் காட்டினான். உள்ளே தடதடவென்று அடித்தது.

“கால் ஓடாட்டா என்ன? உள்ள ஒருத்தன் ஓடுதாம்லா, கேக்கா?”

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

“அப்பாட்ட சொல்லிராத. சொன்னா ஆத்துக்குக் கூட்டிட்டு வரமாட்டாவ.”

நான் சொல்லவில்லை.

அந்த மாதமே அவன் பாதங்கள் உப்பின. அப்பா அமுக்கிப் பார்த்துவிட்டு, மணல் வேலை செய்கிறது, சதை பிடிக்கிறது என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா முகம் அன்று மலர்ந்ததுபோல் பிறகு நான் பார்த்ததில்லை. மறுநாளே டவுணுக்குப் போய் அவனுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கிவந்தார்கள். மணலில் வைக்கும் நேரத்தையும் கூட்டினார்கள். அது சதையல்ல, தளர்ந்த இதயத்தால் கட்டிய நீர் என்று சொல்ல அன்று யாருமில்லை.

கடைசி ஞாயிறு அவன் யாரையும் கேலி செய்யவில்லை. மறுபடி காதை வைக்கச் சொன்னான். அசையவே சிரமப்படும் கையை எப்படியோ என் தலைமேல் போட்டுக்கொண்டான்.

“இன்னும் கொஞ்ச நேரம் இரிட்டி.”

எனக்கு வியர்த்தது. ஆற்றில் பிள்ளைகள் குதிக்கும் சத்தம் வேறு. கையை விலக்கி, குடையை மணலில் குத்திவிட்டுத் தண்ணீருக்கு ஓடினேன். அந்த வாரத்துக்குள் அவன் போய்விட்டான்.

பழைய விளையாட்டையே மறுபடி விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் பயந்துபோயிருந்தான் என்று எனக்குத் தெரியவில்லை.