தபசு வரைக்கும் கட்டிய கயிறு

குடியை விட்டவர்கள் ஞாயிறுதோறும் கூடுகிற குழுவில் நானும் ஒருவன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டிலும் பூ மார்க்கெட்டிலும் எங்கள் நோட்டீஸை ஒட்டுவது என் பொறுப்பு. ஒட்டிய மறுநாளே அதன்மேல் கல்யாண போஸ்டர் ஏறிவிடும். அதற்கும் தப்பிய ஒன்றைப் படித்துவிட்டு, பூ வாங்க வந்த ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். வீட்டுக்காரருக்கு ஈரல் கெட்டுவிட்டது, இனிமேல் குடித்தால் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

கரிவலம்வந்தநல்லூருக்கு பைக்கில் போனேன். மனிதர் தெளிவாக உட்கார்ந்திருந்தார். எனக்கு டீ வாங்கிவர மனைவியிடம் சொன்னார். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. குடியை நிறுத்த நினைப்பவர்கள் கோயிலில் கெடு சொல்லிக் கயிறு கட்டிக்கொள்வார்கள். அதுவரை சொட்டுகூடத் தொடமாட்டார்கள். அந்தப் பயம் உண்மையானது, அதை நான் கேலி செய்யமாட்டேன்.

"ஆடித் தபசு வரைக்கும் கட்டிருக்கேன் அண்ணாச்சி. ஒங்க கூட்டம் குடிக்கிறவனுக்குத்தான? நாந்தான் குடிக்கலல்லா."

"தபசுக்கு அப்புறம்?"

"அப்புறத்த அப்புறம் பாப்போம்" என்று சிரித்தார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. இன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இருப்போம் என்பதுதான் எங்கள் பாடமே. இவரோ கெடு எப்போது முடியும் என்று காத்திருந்தார். வாசல்வரை வந்த அவர் மனைவி, "இழுத்துட்டாவது போங்க அண்ணாச்சி" என்றாள். தானாக வருகிறவரைத்தான் சேர்க்க முடியும், இழுத்துப்போவது எங்கள் வழக்கமில்லை என்றேன். சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசியது.

ஆடித் தபசுத் திருவிழாவன்று சங்கரன்கோவில் ரத வீதியில் மேசை போட்டு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தோம். வாங்கியவர்களில் பாதிப்பேர் அதை விசிறியாக்கிக்கொண்டார்கள். கூட்டத்துக்குள்ளிருந்து அவரும் அவர் மனைவியும் வந்தார்கள். அவர் மணிக்கட்டில் கயிறு இல்லை. காலையிலேயே ஊர்க்கோயிலில் அவிழ்த்தாயிற்றாம்.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் எங்ககூட இருங்க" என்று அவர் கையைப் பிடித்தேன்.

"சாமிக்குச் சொன்ன கெடு முடிஞ்சிட்டு அண்ணாச்சி. இந்தா வந்துருதேன்."

மரியாதையாகக் கையை விடுவித்துக்கொண்டார். ஒரு நோட்டீஸையும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தார். பின்னாலேயே ஓடினேன். அந்த ஜனத்தில் ஆளைப் பிடிக்க முடியவில்லை. போனையும் அணைத்துவிட்டார்.

திரும்பி வந்தபோது அவள் மேசையருகே நின்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்து நீட்டினாள்.

"புதுசு வாங்கி வச்சிருக்கேன். நீங்க கட்டிவிட்டா கேப்பாக."

கயிறோ கூட்டமோ, அவராகக் கையை நீட்டினால்தான் உண்டு. அது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அவர் போன பக்கம் பார்த்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் கயிற்றை வாங்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.