நூகு பாய் வாங்கிய பழைய சட்டைகள்

எங்கள் காரைக்கால் கடைத்தெருவில் என் ரேடியோ ரிப்பேர் கடைக்கு எதிர்க்கடை நூகு பாயுடையது. தையல்காரர் என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு, அன்றைக்கு முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். "நான் உடையலங்காரம்ணே" என்பார். சும்மா சொல்லக்கூடாது, அம்பகரத்தூர் திருவிழா நாடகமானாலும் பள்ளிக்கூட ஆண்டுவிழாவானாலும் வேஷத்துணி அவர் கைவேலைதான். ஒரே வெல்வெட் அங்கி திங்கட்கிழமை ராஜாவுக்கும் வியாழக்கிழமை எமனுக்கும் போகும்.

எழுபத்தொன்பதில் பக்கத்து மீனவக் கிராமமான மண்டபத்தூருக்கு மீனவர் கதையைப் படம் பிடிக்க வந்தார்கள். மதராஸ் உடைக்காரர் காய்ச்சலில் படுத்துவிட, வேலை பாய்க்கு வந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: படத்தில் பேர் போட வேண்டும். "போட்டுடலாம் பாய்" என்றார் மானேஜர். அப்புறம் மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை. அவர் மனைவி ஆஸியா பீவி மட்டும், "எழுத்துல பாத்தாத்தான் நம்புவேன்" என்றார்.

நடிகர்கள் பன்னிரண்டு பேருக்கு உப்பில் வெளுத்த சட்டை வேண்டும். புதுத்துணியை டீத்தண்ணியில் முக்கி ஏமாற்றுவது பாய்க்குப் பிடிக்காது. ஒரே நீலக்கட்டம் போட்ட துணியில் பன்னிரண்டு புதுச்சட்டை தைத்து மண்டபத்தூர் ஆட்களுக்குக் கொடுத்து, அவர்களுடைய பழசை வாங்கி வந்தார்.

படப்பிடிப்பு அன்று ஊர்க்கூட்டமும் காட்சியில் நிற்க வேண்டியிருந்தது. சினிமாவாயிற்றே! பழசைக் கொடுத்த பன்னிரண்டு பேரும் எண்ணெய் வைத்துத் தலைசீவி, பாய் கொடுத்த நீலக்கட்டத்தில் முன்வரிசையில் நிற்கிறார்கள். டைரக்டர் குதித்தார்.

"இது என்ன பள்ளிக்கூடமா? மத்தியானத்துக்குள்ள சரி பண்ணலேன்னா உம்ம பேரே வராது!"

சட்டையைக் கழற்றச் சொன்னால் அவர்களில் ஒருவனான இளையபெருமாள், "வெத்து ஒடம்போட சினிமாவுல நிக்க மாட்டோம் பாய்" என்று முரண்டு பிடித்தான்.

பாய் கத்திரியை எடுத்தார். ஒரு சட்டையில் கையை நறுக்கினார், ஒன்றில் காலரை, ஒன்றில் பையை. தைத்த கையே வெட்டியது. பிறகு அத்தனை பேரையும் கடலில் இறக்கி, மணலில் புரளவிட்டார். டைரக்டர் கேமராவை ஓடவிடச் சொன்னார்.

அடுத்த வருஷம் படம் எங்கள் ஊருக்கு வந்தது. முதல் ஆட்டத்துக்கே மண்டபத்தூர் ஆட்களோடு போனோம். வெள்ளைத் துப்பட்டியோடு ஆஸியா பீவியும் வந்திருந்தார். பேர்கள் ஓடின. 'உடை' என்று வந்தது. கீழே அந்தக் காய்ச்சல்காரர் பேர். பாய் தலை தொங்கிவிட்டது. அந்த மானேஜர் மட்டும் அப்போது கையில் கிடைத்திருந்தால் சட்னிதான்.

கதாநாயகன் படகிலிருந்து குதித்தான். இளையபெருமாள் பெஞ்சில் ஏறி நின்று கத்தினான்: "அது என் சட்டை! நம்ம நூகு பாய் வாங்கிட்டுப் போனது!"

அவ்வளவுதான். ஒவ்வொரு நடிகன் வரும்போதும் ஒருவன் எழுந்தான். "என் சட்டை! நூகு பாய்!" கூட்டக் காட்சியில் கொட்டகையே பாய் பேரைச் சொல்லிக் கத்தியது.

ஆஸியா பீவி கணவர் பக்கம் குனிந்தார். "எழுத்துல போட்டிருந்தா ஒரு தடவைதாங்க வந்திருக்கும்."

பாய் என் தொடையைத் தட்டினார். "நாளைக்கும் வரணும்ணே."