காசின் பொதுப் பக்கம்

ஐரோப்பாவில் யூரோ வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வளைகுடாவின் ஆறு நாடுகளும் அதே மாதிரி ஒரே நாணயத்துக்கு மாறப்போகின்றன என்று ஊரெல்லாம் பேச்சு. பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் நான் படித்த பள்ளியில் அதற்காக ஒரு கண்காட்சியே வைத்தார்கள். காசின் ஒரு பக்கம் எல்லா நாட்டுக்கும் பொது; மறுபக்கம் அந்தந்த நாட்டுக்கே உரிய படம். அந்தப் படத்தைப் பிள்ளைகள் வரைய வேண்டும்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மற்றவர்கள் முத்துச்சிப்பியைத்தான் வரைவார்கள் என்று தெரியும். நான் பாலைவனத்தில் தனியாக நிற்கும் அந்தப் பெரிய மரத்தை வரைந்தேன். சில வெள்ளிக்கிழமைகளில் அம்மா கட்டித்தரும் புளியோதரையை அதன் நிழலில்தான் சாப்பிடுவோம். எனக்கு பஹ்ரைன் என்றால் அதுதான்.

சமூக அறிவியல் டீச்சர் நாகர்கோவில்காரர். படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு மக்ளே. ஆனா நாட்டுப் பக்கம் இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு உள்ளது. நீங்கல்லாம் பொதுப் பக்கம்."

பொதுப் பக்கம் என்றால் ஆறு நாடுகளின் வரைபடம். அதுவும் ஏற்கெனவே அச்சடித்து வைத்தது. கலர் அடித்தால் போதும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று இந்தியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ் பிள்ளைகளையெல்லாம் அதில் தள்ளிவிட்டார்கள். என்ன அக்கிரமம்! இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

குதைபியா பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கொட்டினேன். அப்பா லேசுப்பட்டவர் இல்லை. பையில் ஒரு அழுகின தக்காளி விழுந்திருந்தாலும் கடைக்குத் திரும்பிப் போய் நியாயம் கேட்பவர். நாளைக்கே பள்ளிக்கு வந்து ஒரு கை பார்ப்பார் என்று நம்பினேன்.

"விடும்மா. நாம இங்க வேலைக்கு வந்தவங்க" என்றார்.

"நீங்கதான் வேலைக்கு வந்தீங்க. நான் இங்கதானப்பா பொறந்தேன்?"

அப்பா பயந்தாங்கொள்ளி என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். கண்காட்சிக்கு வந்தவர், நான் வேண்டாவெறுப்பாகக் கலர் அடித்த வரைபடத்தின் முன் நின்று, பிரமாதம் என்று வேறு சொன்னார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்தப் பொதுக் காசு கடைசிவரை வரவே இல்லை. அந்த மாதம் அப்பாவின் விசா முடிய இருந்ததும், புதுப்பித்துத் தர ஸ்பான்சர் அவரை நாயாக அலையவிட்டதும் பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அவருடைய விசாவில்தான் என் விசாவும் தொங்கிக்கொண்டிருந்தது. பிறந்த ஊரில் இருக்க எனக்கும் ஒரு விசா வேண்டும் என்று அதுவரை யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை.