அந்தக் கதவை அவன் திறந்தானா

பட்டாசுக் குழாய் சுற்றுவதற்கான பழைய காகிதம் எங்கள் வீட்டுக்குக் கட்டுக் கட்டாக வரும். பரீட்சைத் தாள், கல்யாணப் பத்திரிகை, வாரப் பத்திரிகை எல்லாம் கலந்து கிடக்கும். அப்படி வந்த ஒரு கட்டில்தான் அட்டை கிழிந்த அறிவியல் சிறுகதைத் தொகுப்பு ஒன்று இருந்தது. என்றோ, எந்த நாட்டிலோ எழுதி, யாரோ தமிழில் பெயர்த்த கதைகள். படித்து முடித்த தாளைத்தான் சுற்றுவது என்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன்.

அவற்றில் வரும் இயந்திரங்களைப் பார்த்தால் இப்போது சிரிப்புதான் வரும். நட்சத்திரத்துக்குப் போகிற கப்பலில் ரேடியோப் பெட்டி போலக் குமிழைத் திருகுவார்கள். ஆனால் கதைக்குள் போய்விட்டால் சிரிப்பு நின்றுவிடும். ஒரு அறை, ஒரு விதி, அதை மீறினால் என்ன ஆகும் என்று தெரிந்த நாலு பேர். எனக்கு அது வேற்றுக் கிரகமாகத் தெரியவே இல்லை. என் வீட்டுக்காரர் தினமும் வேனேறிப் போகிற இடமாகத்தான் தெரிந்தது.

அவருக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் வேலை. ஒரு அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது. போனை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். உள்ளே நுழையுமுன், உடம்பில் சேர்ந்த மின்சாரம் இறங்க, செம்புத் தகட்டைத் தொட வேண்டும். எங்கே புகை கண்டாலும் வெளியே ஓட வேண்டும், அறைப் பக்கம் போகவே கூடாது.

அந்தத் தொகுப்பில் ஒரு கதை என்னை ஆட்டிவைத்தது. கப்பலின் வெளி அறையில் தீ. உள்ளே ஒருவன் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுகிறான். இந்தப் பக்கம் அவன் நண்பன் நெம்புகோலில் கை வைத்தபடி நிற்கிறான். சிவப்பு விளக்கு எரியும்போது திறந்தால் கப்பலே போய்விடும். தாள் அங்கே முடிந்தது. அடுத்த தாளைக் காணோம். காலையில் இவரோடு சண்டை போட்ட கோபத்தில், என் சட்டத்தையும் மறந்து, பார்க்காமல் சுற்றித் தொலைத்திருக்கிறேன். முப்பது குழாயைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிரித்துப் பார்த்தேன். கூழ்தான் மிஞ்சியது. மற்றதெல்லாம் லோடில் போய்விட்டது.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். யோசிக்காமல், திறந்திருப்பான் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தெறக்க மாட்டான். ஒருத்தனுக்காக மூணு பேரு சாகணுமா? நீங்களும் அப்படி எங்கனயும் போய் நின்னுறாதீக."

கதைக்கு எதற்கு இந்தக் கோபம் என்று சிரித்தார். நான் கதையைச் சொல்லவில்லை என்பது அவருக்கும் தெரியும். அதன் பிறகும் விடாமல் ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆடி மாதம். எங்கள் பக்கத்துக் காற்று கதவைப் படார் படாரென்று அடிக்கும், மருந்தை வாரித் தூற்றும். அதனால் கம்பெனியில் காற்றடிக்கிற பக்கத்துக் கதவை வெளியிலிருந்து துணியால் கட்டிவிட்டு வேலை செய்வார்கள். கட்டவே கூடாத கதவு அது. எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் கட்டுவார்கள்.

பதினோரு மணி இருக்கும். தரை அதிர்ந்தது. தெருவே வெளியே வந்து புகை எந்தப் பக்கம் என்று பார்த்தது. மேற்கே, இவர் கம்பெனிப் பக்கம். இவரைக் கூப்பிட்டேன்; வாசலில் வாங்கி வைத்த போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. பசைக் கையோடு மெயின் ரோட்டுக்கு ஓடி, போகிற ஆம்புலன்ஸை எல்லாம் எட்டி எட்டிப் பார்த்தேன். அவன் திறந்திருக்கக் கூடாது, திறந்திருக்கக் கூடாது என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு ஒரு வேனிலிருந்து இறங்கினார். புருவம் பொசுங்கி, வலது கையில் கட்டு. ரோடு என்றும் பாராமல் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்த பிறகுதான் பேசினார்.

கலவையை அடுத்த அறையில் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது இவர்கள் அறைக்குள் புகை. திறந்திருந்த வாசலில் தீ. உள்ளே ஒரு பெண்ணும், வேனில் இவருக்குப் பக்கத்து இருக்கையில் வருகிற எங்கள் தெருக்காரரும். கட்டியிருந்த கதவை உள்ளிருந்து தட்டினார்களாம்.

"நீ சொன்னது நெனப்பு வந்துச்சு. ஒரு நொடி நின்னுட்டேன். பெறகுதான் அவுத்தேன்."

அந்தப் பெண் வெளியே வந்துவிட்டாள். அவள் பின்னால் வந்தவர் வாசலைத் தாண்டுவதற்குள் வெடித்துவிட்டது. அவர் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார். இவர் ஒரு நாளும் என்னைக் குறை சொல்லவில்லை. குழாய் சுற்றும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவன் என்னதான் செய்திருப்பான் என்று மட்டும் அவ்வப்போது கேட்பார். கேட்கும்போதெல்லாம் நான் அடுத்த தாளை எடுத்துச் சுற்றுவேன்.

தாளின் தலைப்பில் அச்சாகியிருந்த நூலின் பெயர் எனக்கு நினைவிருந்தது. எட்டு மாதம் கழித்து விருதுநகரில் ஒரு பழைய புத்தகக் கடையில் முழுப் பிரதி கிடைத்தது. நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்தேன். அவன் திறக்கவில்லை. தட்டும் சத்தம் நிற்கிறது, விளக்கு பச்சையாகிறது, கதை முடிகிறது. நான் சொன்னதுதான் சரி. புத்தகத்தை வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து, கதை கிடைத்துவிட்டது என்றேன். அவர் பார்த்துக்கொண்டிருந்த டிவியை அணைத்தார்.

"என்ன செஞ்சான்?"

"அவனும் ஒரு நொடி நின்னுட்டான். பெறகு தெறந்துட்டான்."

உள்ளே இருந்தவன் பிழைத்தானா என்று கேட்டார்.

"அதை எழுதல," என்றேன்.